பதினான்கு மாதம் ஓக் மரத்தில் கிடந்தது

அன்றைக்கு எனக்கு இருந்த வேலை ஒன்றே ஒன்றுதான். திண்டுக்கல் ரயில் நிலையத்துக்குப் போய் ஒரு பார்சலை வாங்கி வர வேண்டும்.

ரசீது கையில் இருந்தது. குதிரை வண்டி வாசலில் நின்றது. போய்வர ஒரு மணி நேரம் ஆகும். இதில் கெடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். உங்களுக்கு என்னைத் தெரியாது!

நான் அப்போது பேகம்பூரை ஒட்டியிருந்த ஒரு தோல் ஷாப்பில் இங்கிலீஷ் கிளார்க். தோல் ஷாப்பு என்றால் தோல் விற்கிற கடை இல்லை. ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் போட்டு முடியை எடுத்து, ஆவாரம்பட்டைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறப்போட்டுப் பதனிடுகிற இடம். அந்த இடத்தில் மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான் பயன்படும்.

பி.ஏ. பரீட்சையில் எல்லாப் பாடத்திலும் தேறி இங்கிலீஷில் மட்டும் கோட்டை விட்டவன் நான். அதை மறைக்காமல் சொல்லித்தான் வேலை கேட்டேன்.

"பெயிலுன்னாலும் பி.ஏ. பெயிலு. சும்மாவா!" என்று முதலாளி ராவுத்தர் இங்கிலீஷ் கடிதங்கள் எல்லாவற்றையும் என் தலையில் கட்டினார். அன்றிலிருந்து நான் அவருக்கு 'பி.ஏ. தம்பி'.

அன்று காலைத் தபாலில்தான் அந்த ரசீதும் ஒரு கடிதமும் வந்தன. எழுதியவர் லெரூ துரை. பாண்டிச்சேரியில் இருந்துகொண்டு பிரான்சுக்குத் தோல் வாங்கி அனுப்புகிற பிரெஞ்சுக்காரர். 'உங்கள் தோல் சிவப்படிக்கிறது. வெளிறிய நிறம் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஆர்டர் இல்லை' என்று அதற்கு முந்தைய கடிதத்தில் கறாராக எழுதியிருந்தார். 'உங்கள் நாட்டில் எதைப் போட்டு இந்த வெளுப்பை வாங்குகிறார்கள்?' என்று முதலாளி சொல்லச் சொல்ல நான் பதில் எழுதியிருந்தேன்.

"இந்த ஆர்டர் வந்துச்சுன்னா நீ பெர்மனென்ட்டு தம்பி. வரலேன்னா எனக்கு இங்கிலீசும் வேணாம், இங்கிலீசு கிளார்க்கும் வேணாம்" என்று அப்போதே சொல்லிவிட்டார் முதலாளி.

எனக்கு அந்தப் 'பெர்மனென்ட்' மிகவும் அவசரமாகத் தேவைப்பட்டது. சின்னாளபட்டியில் எனக்கு ஒரு பெண் பேசி வைத்திருந்தார்கள். பெண்ணின் அப்பா என்னை எங்கே பார்த்தாலும் சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டார். "பெர்மனென்ட்டு ஆயிருச்சா மாப்ள?" என்றுதான் கேட்பார். 'இல்லை' என்றால் மாப்பிள்ளை என்ற சொல் அடுத்த வாக்கியத்திலேயே தம்பியாகிவிடும்.

ஆகவே அந்தக் கடிதத்தை அவசரமாகப் பிரித்துப் படித்தேன். துரைக்கும் இங்கிலீஷ் தாய்மொழி இல்லை. எனக்கும் இல்லை. இரண்டு பேரும் கரையில் நின்றுகொண்டு நீச்சலைப் பற்றிப் பேசுகிற மாதிரிதான் எழுதிக்கொள்வோம்.

கடிதத்தில் இருந்தது இவ்வளவுதான்:

'ரயிலில் ஒரு பாட்டில் அனுப்புகிறேன். வெள்ளை. சார்டோனி. பர்கண்டிப் பகுதியில் இருந்து வந்தது. பதினான்கு மாதம் ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது. மரம் தன் துவர்ப்பைக் கொஞ்சம் கொடுத்திருக்கிறது. வெண்ணெய் வாசனையும் வறுத்த பருப்பு வாசனையும் இருக்கும். இளம் ஆட்டுக்கு அருமையாகப் பொருந்தும். கோழிக்கும் ஆற்று மீனுக்கும்கூட. குளிர்ச்சியான இடம் வேண்டும், வெயில் ஆகாது. ஆறு வாரத்தில் வருகிறேன். வரும்போது தயாராக இருக்கட்டும்.'

முதலாளி நாற்காலியைவிட்டே எழுந்துவிட்டார்.

"ஓக்கு மரமா? பிரான்சுக்காரன் அந்தப் பட்டையிலதான தோலு போடுறான்!"

ஆமாம். ஐரோப்பாவில் ஓக் மரப்பட்டையில்தான் தோல் பதனிடுவார்கள் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். நமக்கு ஆவாரம்பட்டை எப்படியோ, அவர்களுக்கு ஓக். துவர்ப்பு இருக்கிறது. வெள்ளை என்று எழுதியிருக்கிறார். இளம் ஆட்டுக்குப் பொருந்தும் என்கிறார். நாம் கேட்ட கேள்விக்கு மருந்தையே அனுப்பிவிட்டார் மகராசன்! இதற்குமேல் விளங்கிக்கொள்ள என்ன இருக்கிறது?

"வெண்ணெய் எதுக்குத் தம்பி?" என்றார் முதலாளி.

"நாம கடைசில புங்கெண்ணெய் தடவுறோம்ல முதலாளி, அவங்க வெண்ணெய் தடவுவாங்க போல."

"அதுவும் சரிதான், பணக்கார நாடு. கோழின்னு போட்டிருக்கே? கோழித் தோல வெச்சு என்னய்யா பண்ணுவான்?"

எனக்கும் அந்த இடம் கொஞ்சம் இடித்தது. ஆனால் தெரியாது என்று சொல்ல ஒரு பி.ஏ. பெயிலால் முடியுமா?

"பொம்பளைங்க கையுறை தைப்பாங்க முதலாளி."

"மீனு?"

"மணிபர்ஸ்."

"அடேயப்பா! எதையும் வீணடிக்க மாட்டான் போல இருக்கு" என்று முதலாளி பிரெஞ்சு தேசத்தையே மெச்சினார்.

சார்டோனி யார் என்று கேட்டார். அந்த மருந்தைத் தயாரிக்கிற கம்பெனிக்காரர் என்று சொன்னேன். என் வாயில் இருந்து அது எப்படி வந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. சொல்லி முடித்ததும் நானே அதை நம்பிவிட்டேன்.

சரி, ரயில் நிலையத்துக்கு வருவோம். பார்சல் ஆபீசில் வைக்கோல் வைத்துக் கட்டிய சின்ன மரப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார்கள். "உள்ள என்ன சார்?" என்றார் குமாஸ்தா. "தோல் மருந்து" என்றேன். அவர் உடனே பெட்டியைத் தள்ளிவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். தோல் ஷாப்பு என்றாலே ஊரில் அப்படி ஒரு மரியாதை.

வண்டி ஸ்டேஷனைத் தாண்டியதும் மதுவிலக்குப் போலீஸ் மறித்தது.

அந்தக் காலத்தில் நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு கடுமையாக இருந்தது. மதுவிலக்கு வந்தபோது எனக்கு மீசைகூட அரும்பவில்லை. ஆகவே கள் எப்படி இருக்கும், சாராயம் எப்படி மணக்கும் என்பதெல்லாம் கேள்வி ஞானம்தான். காய்ச்சுகிறவர்கள் காடு கரையில் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். போலீஸ்காரர்கள் ஸ்டேஷன் ரோட்டில் கருப்பட்டி மூட்டைகளைக் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொட்டில என்னய்யா?" என்றார் ஏட்டு.

"தோல் மருந்துங்க. பிரான்சுச் சரக்கு."

"தெறந்து காட்டு."

திறந்தேன். வைக்கோலுக்குள் பச்சைக் கண்ணாடிப் பாட்டில் ஒன்று. அதில் லேபிள் இல்லை, வாயில் அரக்கு மட்டும் வைத்திருந்தது. ஏட்டு பாட்டிலைத் தூக்கி வெயிலில் பார்த்தார்.

"ஐயா, வெயில் ஆகாது!" என்று கத்தினேன்.

அவர் பயந்துபோய்ச் சடக்கென்று பாட்டிலை இடுப்புக்குக் கீழே இறக்கினார். நான் துரையின் கடிதத்தை எடுத்து, நடுரோட்டில் நின்று, இங்கிலீஷில் ஏற்ற இறக்கத்தோடு முழுசாகப் படித்தேன். பெட்டிக்குள் இருப்பது என்ன, எதில் கிடந்தது, எப்படி மணக்கும், எதோடு சேரும் என்று மதுவிலக்குப் போலீசுக்கு ஒரு வரி விடாமல் வாக்குமூலம் கொடுத்தவன் இந்தியாவிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஏட்டு தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் அண்ணன் தம்பி.

"ஆட்டுத் தோலுக்கு மட்டுந்தானா? எம் பூட்ஸு வெடிச்சுப் போய்க் கெடக்கு. ரெண்டு சொட்டு விட்டா எளகுமா?" என்றார்.

"ஷாப்புக்கு வாங்கய்யா, பாத்துத் தாரேன்" என்றேன் பெருந்தன்மையாக. அவர் பெட்டியைத் தன் கையாலேயே மூடி, வண்டியில் பதமாக வைத்துவிட்டு, வண்டிக்காரரிடம் "பாத்து ஓட்டுய்யா, பிரான்சு மருந்து" என்று வேறு சொன்னார்.

ஷாப்பில் எனக்காகச் சவரிமுத்து மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தார். பட்டைத் தொட்டிகளுக்கெல்லாம் அவர்தான் ராஜா. வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும். தொட்டித் தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்தால் போதும், எத்தனை நாள் பட்டை, இன்னும் எவ்வளவு போட வேண்டும் என்று புட்டுப்புட்டு வைப்பார். எங்கள் தொழிலில் துவர்ப்பை அளக்க வேறு கருவி கிடையாது. மேஸ்திரியின் நாக்குதான்.

மேஸ்திரிக்கும் முதலாளிக்கும் இரண்டு வருஷமாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 'பழைய பட்டை வேண்டாம், புதுப்பட்டை வாங்கிக் கொடுங்கள், தோலை வெயிலில் போடாமல் நிழலில் உலர்த்தக் கொட்டகை போட்டுக் கொடுங்கள், சிவப்புப் போய்விடும்' என்று மேஸ்திரி சொல்வார். 'பார்க்கலாம்' என்று முதலாளி சொல்வார். பார்க்க மாட்டார்.

கோணி ஊசியால் குத்தி நெம்பிப் பாட்டிலின் அடைப்பை எடுத்தார் மேஸ்திரி. முதலாளியும் நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

விரலில் ஒரு சொட்டு விட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். திறக்கவே இல்லை.

"என்ன மேஸ்திரி?"

"பொறுங்க மொதலாளி."

உள்ளங்கையைக் குழித்து, கொஞ்சம் ஊற்றி உறிஞ்சினார். அவர் முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சாந்தம் வந்தது.

"இது லேசுப்பட்ட தண்ணி இல்ல மொதலாளி. நம்ம பட்டையின்னா சட்டுன்னு நாக்கப் பிடிக்கும். இது செத்த நேரங்கழிச்சுத்தான் ஏறுது" என்றார். "அந்த லெட்டர இன்னொரு தபா படிங்க சார்."

படித்தேன். 'வெண்ணெய்' வந்ததும் தலையாட்டினார். 'பருப்பு' வந்ததும் தலையாட்டினார். 'இளம் ஆடு' வந்ததும் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"எளம் ஆடுன்னு திட்டமா எழுதிருக்காகளா?"

"எழுதியிருக்காரு மேஸ்திரி."

"அப்ப நம்ம தொட்டியில கெடக்குற கெழட்டுத் தோலெல்லாம் ஆகாது மொதலாளி. இன்னைக்கு அய்யலூர்ச் சந்தை. நானே போயி நல்ல எளங்குட்டியா ரெண்டு பிடிச்சாரேன். ஒண்ணு கெட்டாலும் ஒண்ணு இருக்கும்."

"ரெண்டு என்ன, மூணு பிடி!" என்றார் முதலாளி. தோலை உரித்துக்கொண்டு கறியை மேஸ்திரியே வைத்துக்கொள்ளட்டும் என்றும் சொல்லிவிட்டார். நல்ல காரியத்துக்கு மனிதர் கணக்குப் பார்க்க மாட்டார்.

"தோலு சுண்ணாம்புல ஊறி வர நாளாகும். அதுவரைக்கும் பாட்டில எங்க வைக்கிறது?" என்று நான்தான் கேட்டேன். இந்தப் புத்திசாலித்தனமான கேள்வியைக் கேட்டது நான்தான் என்பதைப் பெருமையோடு பதிவு செய்கிறேன்.

"குளிர்ச்சியான எடம் வேணும்னு எழுதிருக்காகளே" என்று மேஸ்திரி யோசித்தார். "ஷாப்புல தகரக் கூரை, வேகும். என் வீடு மண் தரை, ஓலைக் கூரை. சும்மா சில்லுன்னு இருக்கும்."

முதலாளி நெகிழ்ந்துபோனார். "சொந்த வீட்டுல வெச்சுப் பாதுகாக்குறேங்கிறாரு பாரு தம்பி. இப்படி வேலையாளு எவனுக்குக் கிடைக்கும்?"

பாட்டிலைத் துண்டில் சுற்றி, குழந்தையை எடுத்துப் போகிற மாதிரி நெஞ்சோடு அணைத்து எடுத்துப்போனார் மேஸ்திரி.

அன்று மாலையே துரைக்கு நன்றிக் கடிதம் எழுதினேன். அதோடு நின்றிருக்கலாம். கடைசியில், 'மிஸ்டர் சார்டோனி அவர்களுக்கு எங்கள் முதலாளியின் வணக்கத்தையும் என் வணக்கத்தையும் தெரிவிக்கவும். பதினான்கு மாதம் அவர் பட்ட சிரமம் வீண் போகாது' என்று சேர்த்தேன்.

மூன்று வாரத்தில் தோல் தயாரானது. மேஸ்திரி பாட்டிலோடு வந்து, எங்கள் கண் முன்னாலேயே பெரிய பீங்கான் ஜாடி ஒன்றில் ஊற்றினார். வெள்ளை என்று எழுதியிருந்த திரவம் லேசான பழுப்பில் இறங்கியது. கேட்டேன்.

"தொறந்து வெச்சதுல ஓக்கு மரத்துத் துவர்ப்பு நெறங் காட்டிருச்சு சார்."

அதை என் குறிப்பேட்டில் விஞ்ஞான பூர்வமாக எழுதிக்கொண்டேன். பிறகு தண்ணீர் சேர்த்தார். பலத்துக்குக் கொஞ்சம் ஆவாரம்பட்டையும் வேண்டும், அதுவும் புதுப்பட்டையாக வேண்டும் என்றார். பிரான்சு மருந்தோடு பழைய பட்டையைச் சேர்ப்பதா என்று முதலாளி உடனே ஒரு மூட்டை புதுப்பட்டை வரவழைத்தார். ஜாடியை அவர் அறையிலேயே, அவர் நாற்காலிக்குப் பின்னால், ஈரச் சாக்கு சுற்றி வைத்தார்கள். அதுதான் ஷாப்பிலேயே குளிர்ச்சியான இடம். ஊறி முடிந்த முதல் தோலும் மருந்துக்கு மரியாதையாக நிழலிலேயே உலர்ந்தது.

ஆறு வாரம் ஓடியது. லெரூ துரை வந்து சேர்ந்தார். ஆறடி உயரம், வெள்ளை உடுப்பு. வாசலில் கால் வைத்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். முதலாளி வீட்டில் அவருக்காக மதியப் பிரியாணி வெந்துகொண்டிருந்தது.

தோல் பேச்சை எடுப்பதற்கு முன்னாலேயே என்னிடம் கேட்டார், "நான் அனுப்பியது தயாரா?"

"தயார் சார்!" என்றேன். "இருபது நாளாக இளம் ஆடு அதற்குள்தான் ஊறிக்கொண்டிருக்கிறது."

துரையின் புருவம் மேலே போனது. கைக்குட்டை கீழே வந்தது.

"இருபது நாளா?"

"ஆமாம் சார்."

"எங்கள் ஊரில் இரண்டு நாளுக்குமேல் ஊறவைக்க மாட்டோம். கெட்டுப் போகாதா?"

"எங்கள் மேஸ்திரி தினமும் பார்த்துக்கொள்கிறார் சார். ஆவாரம்பட்டையும் சேர்த்திருக்கிறார்."

"உள்ளூர் மசாலாவா! அற்புதம்!" என்று கையைத் தட்டினார் துரை. எனக்கு ஆகாயத்தில் பறப்பது போல இருந்தது. 'மசாலா' என்று அவர் சொன்னது தொழில் வார்த்தை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

முதலாளி அறைக்குக் கூட்டிப் போனோம். ஜாடியைப் பார்த்ததும் துரை கோட்டுப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துண்டை எடுத்து உதறிக் கழுத்தில் செருகிக்கொண்டார். தோலைப் பார்க்கப் போகிறவர் எதற்குக் கழுத்தில் துண்டு கட்டுகிறார் என்று முதலாளி என்னைக் கண்ணால் கேட்டார். அவர்கள் வழக்கம் என்று நான் கண்ணாலேயே பதில் சொன்னேன்.

மேஸ்திரி மூடியைத் திறந்தார். கையை முழங்கைவரை உள்ளே விட்டு, சொட்டச் சொட்ட முழு ஆட்டுத் தோல் ஒன்றைத் தூக்கிப் பிடித்தார். நாலு காலும் தொங்கின.

துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். கழுத்தில் இருந்த துண்டு மெள்ள நழுவிக் கீழே விழுந்தது.

"கறி எங்கே?" என்றார்.

"கறி அப்போதே சாப்பிட்டாயிற்று சார்" என்றேன்.

"என் பாட்டில்?"

ஜாடியைக் காட்டினேன்.

அடுத்த ஐந்து நிமிஷம் அவர் பிரெஞ்சில் பேசினார். அது நன்றி நவிலல் இல்லை என்று எனக்கே விளங்கியது. பிறகு மூச்சு வாங்கிக்கொண்டு இங்கிலீஷுக்கு வந்தார். சார்டோனி, அதாவது ஷார்டொனே, ஒரு ஆள் இல்லை. ஒரு வெள்ளைத் திராட்சை. பர்கண்டியில் விளைகிறது. அதைப் பிழிந்து, ஓக் பீப்பாயில் பதினான்கு மாதம் வைத்திருந்து எடுத்த ஒயின் அது. சாப்பாட்டோடு குடிப்பது. ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் மீனுக்கும் தோதானது!

"ஒயின் என்று கடிதத்தில் எழுதவே இல்லையே சார்!" என்று அழாத குறையாகக் கேட்டேன்.

"எப்படி எழுதுவேன்? உங்கள் ராஜ்யத்தில் அந்தச் சொல்லைக் கடிதத்தில் எழுதாதே, லேபிளைக் கிழித்துவிட்டு அனுப்பு என்று எல்லோரும் என்னை எச்சரித்தார்கள். நான் குடிப்பதற்கான பெர்மிட் இதோ என் பையில் இருக்கிறது. பாட்டில்தான் இல்லை!"

பெர்மிட்டை எடுத்து ஆட்டிக் காட்டினார். ஸ்டேஷன் ரோடு ஏட்டு ஞாபகம் வந்து நான் வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"என்ன தம்பி சொல்றாரு?" என்றார் முதலாளி.

சொன்னேன். வேறு வழியில்லை.

ஆயுளில் ஒரு சொட்டுத் தொடாத மனிதர். இருபது நாளாக அந்த ஜாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "யா அல்லா!" என்று சுவரோரம் போய் ஒட்டிக்கொண்டார். பிறகு என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையில் என் பெர்மனென்ட் வேலை, சின்னாளபட்டிப் பெண், அவளுடைய அப்பா எல்லோரும் வரிசையாக வெளியேறுவதை நான் கண்ணால் கண்டேன். சும்மா சொல்லக் கூடாது, அழுகையே வந்துவிட்டது.

துரை ஜாடியில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முகம் எட்டுக் கோணலாகியது.

"ஒரு துளி வாசனைகூட இல்லையே! என் ஷார்டொனே முழுவதும் எங்கே போயிற்று?"

மேஸ்திரியிடம் மொழிபெயர்த்தேன்.

"தோலு குடிச்சிருச்சுன்னு சொல்லுங்க சார்" என்றார் மேஸ்திரி, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.

சொல்லிவிட்டு, ஏற்கெனவே ஊறி உலர்ந்திருந்த முதல் தோலைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். துரை அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஆனால் தோல்காரன் கை சும்மா இருக்குமா? போகிற போக்கில் அந்தக் கை தோலை ஒரு தடவு தடவியது. நின்றது. திரும்பத் தடவியது. துரை தோலை ஜன்னல் பக்கம் எடுத்துப் போனார். மடித்தார், கிள்ளினார், நீவினார், வெளிச்சத்தில் பிடித்தார்.

சந்தன நிறத்தில், வெளிறி, துணி போல மெத்தென்று இருந்தது அது.

"இது இங்கே செய்ததா?" என்று குரலே மாறிக் கேட்டார்.

"இங்கேதான் சார்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"எனக்கு இதுதான் வேண்டும். இதே நிறம், இதே மென்மை. மூவாயிரம் தோல்!"

ஆர்டர் வந்துவிட்டது! ஆனால் நான் குதிக்கவில்லை. முதலாளியும் குதிக்கவில்லை. மூவாயிரம் தோலை ஊறப்போட எத்தனை பாட்டில் வேண்டும் என்று நாங்கள் இருவரும் ஒரே நேரத்தில் யோசித்தோம். மார்க்கத்துக்கும் விரோதம், சட்டத்துக்கும் விரோதம். தொட்டி தொட்டியாக ஒயினை நிரப்பிவைத்தால் கலெக்டரே நேரில் வந்து பூட்டுப் போடுவார். ஊரில் பூட்டுக்கா பஞ்சம்!

"முடியாதுன்னு சொல்லிரு தம்பி" என்றார் முதலாளி. "அந்த ஹராம் தண்ணி இனிமே இந்த வாசப்படி ஏறக் கூடாது."

அப்போதுதான் மேஸ்திரி தொண்டையைச் செருமினார்.

"மொதலாளி, அந்தத் தண்ணி இல்லாமலே இதே நெறத்தக் கொண்டாரேன். எம்பொறுப்பு. புதுப்பட்டை வாங்கித் தாங்க. நெழல்ல காயப்போட ஒரு கொட்டகை போட்டுத் தாங்க. அம்புட்டுத்தான்."

"நெசமாவா?"

"மாதா சத்தியமா."

இரண்டு வருஷமாக நடந்த வழக்கு ஒரே நிமிஷத்தில் தீர்ந்தது. புதுப்பட்டைக்கு ஆள் போனது. கொட்டகைக்கு மூங்கில் வந்தது. துரை கடைசியில் பிரியாணியைத் தண்ணீர் குடித்தபடியே சாப்பிட்டார். மூன்று தட்டு. கிளம்பும்போது என் தோளில் தட்டி, "மிஸ்டர் சார்டோனியிடம் உங்கள் வணக்கத்தைச் சொல்கிறேன்" என்று சொல்லிவிட்டு, வண்டி ஏறும்வரை சிரித்துக்கொண்டே போனார்.

முதலாளி தன் அறையை மூன்று முறை கழுவச் சொன்னார். நான்காவது முறை நானே கழுவினேன். அதைப் பார்த்து மனம் இளகி, "போய்த் தொலை, பெர்மனென்ட்டு" என்றார். அந்த நிமிஷம் எனக்கு இருந்த சந்தோஷத்தில் ஐந்தாம் முறையும் கழுவினேன்.

மறுநாள் மேஸ்திரியைப் பட்டைத் தொட்டிப் பக்கம் தனியாகப் பிடித்தேன்.

"மேஸ்திரி, அந்த ஒயின் இல்லாம அதே நிறம் வரும்னு எப்படி அம்புட்டு உறுதியாச் சொன்னீங்க?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அந்த ஜாடியில அது எங்க இருந்துச்சு? அதுல ஊத்துனது வெறும் பட்டைத் தண்ணி சார். புதுப்பட்டையும் நெழலுந்தான் வேல செஞ்சுச்சு. மொதலாளி இருபது நாளும் சுத்தமாத்தான் உக்காந்திருந்தாக. ஆனா அத அவுககிட்டச் சொல்லிராதீக."

"அப்ப... பாட்டில்ல இருந்தது?"

மேஸ்திரி தொட்டியில் விரலை நனைத்து நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். வேலை பார்க்கிறாரா, பழசை நினைத்துக்கொள்கிறாரா என்று சொல்ல முடியவில்லை.

"வெண்ணெ வாசம்னு எழுதிருந்தாகள்ல, அது நெசந்தான் சார். எளங்குட்டிக் கறிக்கும் நல்லாவே பொருந்துச்சு. கோழிக்கும் மீனுக்குந்தான் இன்னும் பாக்கல. துரை அடுத்த பொட்டி அனுப்புனா லெட்டர நீங்களே படிங்க. இதுக்கு மேல இங்கிலீசு கத்துக்கிராதீக."

என் இங்கிலீஷால் பயனடைந்தவர் என்று இந்த ஊரில் விரல் காட்ட எனக்கு ஒரே ஒரு ஆள்தான் இருக்கிறார்.